பதினாறு என்று எழுதிய மூச்சு

நோரீன் ஆஷ்வொர்த் லங்காஷயரில் ஒரு மருத்துவமனையில் முப்பத்தோரு வருடமாக நர்ஸ். ரத்த அழுத்தத்தையும் காய்ச்சலையும் கருவி சொல்லிவிடும். மூச்சை மட்டும் ஆள்தான் எண்ண வேண்டும்; நெஞ்சைப் பார்த்தபடி முழுதாக ஒரு நிமிடம். இருபத்தெட்டுப் படுக்கைக்கு இரண்டு பேர் என்றால் அந்த நிமிடத்துக்கு எங்கே போவது? எல்லார் அட்டையிலும் மூச்சு, இயல்பான அளவான பதினாறு என்றே இருக்கும்.

"நம்ம வார்டுல செத்தவனுக்கும் பதினாறுதான்" என்பாள் தோழி மாண்டி. எல்லாரும் சிரிப்பார்கள்.

இடுப்பில் அறுவை முடிந்து வலி மரக்க மார்ஃபின் ஏறிக்கொண்டிருந்த ஸ்டான்லி கெர்ஷாவுக்கும் மதியம் இரண்டு மணிக்குப் பதினாறு, மூன்று மணிக்குப் பதினாறு. நான்கு மணிக்கு நோரீன் போனபோது அவர் மூச்சு நின்றிருந்தது.

சிகிச்சையில் பிசகினால் குடும்பத்திடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்பது அங்கே சட்டம். மகள் ஜனைனுக்கு மருத்துவமனை கடிதம் எழுதியது: வருந்துகிறோம், கண்காணிப்பு நேரம் தவறாமல் நடந்தது. கடிகாரத்தைப் பற்றி அது பொய் சொல்லவில்லை. நோரீன் படித்துவிட்டு வாயைத் திறக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து மரண விசாரணை வந்தது. யாரையும் தண்டிக்க அல்ல, அவர் எப்படி இறந்தார் என்று அறிய. வாசலில் மருத்துவமனை வக்கீல், "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க நோரீன். நர்ஸ் பதிவு போயிடக் கூடாதில்ல?" என்றார்.

விசாரணை அதிகாரியம்மா அட்டையைப் பார்த்தபடி நோரீனிடம் கேட்டார். "மூணு மணிக்குப் பதினாறா?"

"அப்படித்தான் எழுதியிருக்கு மேடம்."

குடும்பத்தாரும் கேள்வி கேட்கலாம். ஜனைன் எழுந்தாள்.

"மூணு மணிக்கு நானும் அங்கதான் இருந்தேன். அப்பா விட்டு விட்டுக் குறட்டை விட்டாரு. தூங்கட்டும்னு எழுப்பாம கெளம்பிட்டேன். அட்டைப்படி அப்ப நல்லாத்தான் இருந்திருக்காரு. இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்திருந்தா நான் காப்பாத்தியிருப்பேனா?"

வக்கீல் தன் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் எண்ணலம்மா" என்றாள் நோரீன்.

"உங்க மேல குத்தம் வர்ற கேள்விக்குப் பதில் சொல்லணும்னு கட்டாயம் இல்ல. தெரியுமில்ல?" என்றார் அதிகாரி.

"தெரியும் மேடம். ரெண்டு மணிக்கும் எண்ணல, மூணு மணிக்கும் எண்ணல. சும்மா எழுதினேன்." ஜனைன் பக்கம் திரும்பினாள். "நீங்க பார்த்தது தூக்கம் இல்லம்மா. மருந்து மூச்சை அமுக்கிட்டிருந்தது. அதைக் கண்டுபிடிக்க வேண்டியவ நான், நீங்க இல்ல."

இதை வீரம் என்று சொல்வதற்கில்லை. முதல் வாரமே சொல்லியிருக்க வேண்டிய பேச்சு.

வெளியே மாண்டி டீயை நீட்டினாள். "வேலைக்கு நீயே வேட்டு வச்சுட்டியேடி."

ஜனைன் அந்த வழியாக வந்தாள். கை கொடுக்கவில்லை. "ரெண்டு வருஷமா, நானே கொன்னுட்டேன்னு..." என்றவள், முடிக்காமல் படியிறங்கிப் போனாள்.

நோரீனின் பதிவை ஒன்பது மாதம் நிறுத்தி வைத்தார்கள். திரும்பி வந்த முதல் நாள், படுக்கையிலிருந்த கிழவர், "என்னம்மா, என்னையே முறைச்சுப் பார்க்கிற?" என்றார்.

"பேசாதீங்க. முதல்லேர்ந்து எண்ணணும்."