ரெலிபோன் அக்காவின் இலக்கம்

2024 டிசம்பர் 23, திங்கட்கிழமை. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். இரவு முழுவதும் பெய்த மழை விட்டிருக்கவில்லை. அடுப்பை மூட்டித் தேநீர் போட்டேன், அம்மாவின் கண்ணுக்கு மருந்து விட்டேன், ஏழு இருபது நிலாவெளி பஸ்ஸில் நின்றபடியே பட்டினம் வந்து சேர்ந்தேன். எட்டு இருபத்தைந்துக்கு அலுவலகம். குடையை வாளிக்குள் நிறுத்திவிட்டு, ஈரமான செருப்பைக் கதிரைக்குக் கீழே கழற்றி வைத்தேன். பத்து மணிக்குக் கொழும்புத் தலைமையகத்திலிருந்து இந்த வருடத்து நத்தார் வாழ்த்துப் படம் கம்பனி போனுக்கு வந்தது. கொள்கலன் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிறிஸ்மஸ் மரம் போலச் செய்திருந்தார்கள். உச்சியில் நட்சத்திரம் இருக்கவேண்டிய இடத்தில் கம்பனியின் சின்னம். கீழே, சரக்கு விடுவிப்புக்கு மாத முடிவு வரை பருவகாலச் சலுகை என்று எழுதியிருந்தது. அதைப் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் வட்ஸ்அப்பில் அனுப்புவது என் வேலை. பத்து நாற்பதுக்கு முடித்தேன்.

பதினொன்று நாற்பத்திரண்டுக்கு ஒரு பதில் வந்தது. “யார் இது?”

நான்கு வருடங்களாக இந்தப் பட்டியலுக்கு அனுப்பி வருகிறேன். சிலர் கைகூப்பும் படம் போடுவார்கள். சொல்லால் ஒருவரும் பதில் எழுதியதில்லை. இந்தக் கேள்வி வந்த இலக்கம் ரெலிபோன் அக்காவுடையது. அவர் இறந்து பதினாறு மாதங்கள் ஆகின்றன. கேட்பாரற்றுக் கிடந்த இலக்கத்தைப் போன் கம்பனிக்காரர் வேறு யாருக்கோ கொடுத்திருக்கிறார்கள். செத்தவரின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்கவேண்டியவள் நான்தான். என் பட்டியலில் வேறு பிழை கிடையாது. இந்த ஒரு பெயரை மட்டும் எடுக்காமல் விட்டிருந்தேன்.

எங்கள் அலுவலகம் துறைமுகத்தை அண்டிய ஒரு கப்பல் முகவர் நிலையம். நான் இளநிலை எழுதுநராகச் சேர்ந்தபோது வாசலுக்கு இடப்புறம், கண்ணாடித் தடுப்புக்குள், சுவிட்ச்போர்ட்டின் முன்னால் அவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் ரெலிபோன் அக்கா. முகாமையாளரும் அப்படித்தான் கூப்பிடுவார். இடது காதில் எந்நேரமும் கேள்கருவி. அவர் யாரிடமும் “ஆர் கதைக்கிறது?” என்று கேட்டு நான் அறியேன். இணைப்பைச் செருகியதும் மறுமுனையில் இருப்பவரின் பெயரைச் சொல்லி அழைப்பார். எப்படி என்று கேட்டேன். “மூச்சு வாங்கிற விதத்திலயே ஆளைத் தெரிஞ்சிடும் பிள்ளை. பிறகென்னத்துக்குப் பேரைக் கேட்டு மனுசரை நோகடிக்கிறது” என்றார்.

வெளியூர் அழைப்புகளுக்குத் துண்டு எழுதி அவரிடம் கொடுப்பது என் வேலையாக இருந்தது. இலக்கம், பெயர், நேரம். துண்டைக் கண்ணுக்கருகே பிடித்துப் பார்ப்பார். “பள்ளிக்கூடக் கொப்பி மாதிரி எழுத்து. இந்த எழுத்துக்காகவே ஒருத்தன் உமக்குத் தாலி கட்டவேணும்” என்பார். ஒருவரும் கட்டவில்லை. அம்மாவின் கண்ணைக் காட்டக் கண்டியில் நாள் எடுப்பதற்கு எத்தனையோ தடவை லைன் எடுத்துத் தந்தவர் அவர்தான். போர்க்காலம் அது, ஒரு லைன் கிடைக்க அரை நாள் போகும். அலுவலகத்தில் வேதக்காரர், கிறிஸ்தவர், அவர் ஒருவர்தான். டிசம்பர் இருபத்துநான்காம் திகதி சுவிட்ச்போர்ட்டின் மேல் ஒரு சிவப்பு ரிபனைக் கட்டிவிட்டு, அன்று அழைத்த ஒவ்வொருவருக்கும் இணைப்புக் கொடுக்கும் முன் நத்தார் வாழ்த்துச் சொல்வார். நேரம் வீணாகிறது என்று முகாமையாளர் ஒருமுறை கண்டித்தார். “காசு கேக்காத சாமான் சேர் இது ஒண்டுதான். குடுத்தா என்ன?” என்றார். முகாமையாளர் சிரித்துவிட்டுப் போனார். சிவப்பு ரிபனைத் தவிர அந்த அலுவலகத்தில் வேறு சோடனை இருந்ததாக நினைவில்லை.

2003இல் அவர் ஓய்வுபெற்றார். அந்த இடத்துக்கு ஒரு தானியங்கி இயந்திரம் வந்தது. ஓய்வுபெற்றவர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் கம்பனி நத்தார் வாழ்த்து அட்டை அனுப்பும். அட்டையில் எல்லாமே அச்சு, முகாமையாளரின் கையெழுத்து உட்பட. உறையில் விலாசம் எழுதுவது மட்டும் கையால். டிசம்பர் முதல் வாரத்தில் நான் அதை எழுதுவேன். அட்டை கிடைத்தவர்களில் பதில் எழுதியவர் ரெலிபோன் அக்கா ஒருவர்தான். லிங்கநகரில் தனியாக இருந்தார். ஒவ்வொரு ஜனவரியும் முதல் வாரத்தில், கோடு போட்ட தாளில் அவருடைய கடிதம் வரும். “மதிப்புக்குரிய முகாமையாளர் அவர்களுக்கு, தங்கள் வாழ்த்துக் கிடைத்தது” என்ற முதல் வரியை வாசிப்பேன். நன்றிக் கடிதத்துக்குப் பதில் தேவையில்லை என்பது அலுவலக வழமை. திகதி முத்திரை குத்தி, துளையிட்டு, பொதுக் கடிதக் கோவையில் சேர்ப்பேன். இரண்டாவது வரிக்கு நான் போனதே இல்லை. அதை ஒழுங்கு என்று நினைத்திருந்தேன்.

2016இல் விலாசங்களைக் கணினியில் அடித்து ஒட்டும்படி கொழும்பிலிருந்து உத்தரவு வந்தது. அந்த முறை அவரிடமிருந்து கடிதம் வரவில்லை. ஜனவரி பத்தாம் திகதி என் நாட்குறிப்பில் “ரெ. அக்கா பதில் இல்லை” என்று எழுதியிருக்கிறேன். அதற்குமேல் ஒன்றும் எழுதவில்லை, ஒன்றும் செய்யவுமில்லை.

அடுத்த டிசம்பரில் கம்பனி நத்தார் ஒளிவிழா வைத்தது. கொழும்பிலிருந்து ஒரு விளம்பர அலுவலர், படப்பிடிப்பாளர், பதினாறு அடிப் பதாகை, பிளாஸ்ரிக் மரம். ஓய்வுபெற்றவர்களை அழைத்துப் பரிசுப் பொதி கொடுத்துப் படம் எடுத்து முகநூலில் போடவேண்டும். களஞ்சியப் பொறுப்பாளர் கிண்ணியாக்காரர், முஸ்லிம். அவரும் நானும் இரண்டு நாளாக மரத்தைச் சோடித்தோம். “எனக்கும் நத்தார் இல்லை, உங்களுக்கும் இல்லை. பெருநாள் உள்ள ஒரே ஆளைக் கடைசி வரிசையில இருத்தியிருக்கிறாங்க” என்றார், ஏணியின் மேல் நின்றபடி.

ரெலிபோன் அக்கா கோயிலுக்கு உடுத்தும் சேலையில் வந்திருந்தார். முதல் தடவை பொதியை வாங்கியபோது பதாகையிலிருந்த சின்னத்தை அவருடைய தலை மறைத்துவிட்டது. பொதியைத் திரும்ப வாங்கி இரண்டாம் தடவை கொடுத்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“அம்மா, கொஞ்சம் சிரிங்க” என்றார் விளம்பர அலுவலர்.

“நான் சிரிச்சா பல்லுத் தெரியாது தம்பி. இல்லாத பல்லுத்தான் தெரியும்.”

எல்லோரும் சிரித்தார்கள். “அப்போ கொஞ்சம் குனிய ஏலுமா? லோகோ தெரியணும்.” அவர் குனிந்தார். மூன்றாம் தடவைதான் படம் சரியாக வந்தது. அந்தப் படம் இன்றும் கம்பனியின் முகநூலில் இருக்கிறது. பரிசாகக் கிடைத்த பால்மாப் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி, யாரையோ கும்பிடுவதுபோலக் குனிந்து நிற்கிறார்.

அவருக்கு ஓட்டோ வரும்வரை வாசலில் கூட நின்றேன். “மூண்டு தரம் தந்தாங்கள். ஆனா வீட்டை கொண்டுபோறது ஒண்டுதான்” என்றார். பிறகு பகிடியை விட்டுவிட்டு, “போன வருசம் கடுதாசி வரேல்லையே பிள்ளை” என்றார்.

“வந்திருக்குமே அக்கா. நான்தான் தபாலில போட்டனான்.”

“அது கம்பனிக்காரன்ர. நான் கேக்கிறது உம்மடை.”

எனக்கு விளங்கவில்லை. அவர் கேட்கும் காதை, வலது காதை, என் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“உள்ளுக்கு இருக்கிற கையெழுத்து அச்சு எண்டு எனக்குத் தெரியாதோ? ஆனா மேல என்ர பேரை எழுதினது நீர். உம்மட எழுத்தை எனக்குத் தெரியும். வருசத்துக்கு ஒருக்கா ஒரு மனுசி இருந்து என்ர பேரை ஆறுதலா எழுதியிருக்கிறா எண்டு நினைச்சுத்தான் பதில் போட்டனான். ஒண்டுக்கும் நீர் மறுமொழி எழுதேல்லை. சரி, வேலை கூடிப்போச்சு எண்டு நினைச்சன்.”

“நான் எழுதுறன் அக்கா. கட்டாயம் எழுதுறன்.”

“கார்ட் ஒண்டும் வேண்டாம். உறையில பேரை எழுதி உள்ளுக்கு வெறுந்தாளை வைச்சாலும் எனக்குக் காணும்.”

ஓட்டோ போனதும் நேரே உள்ளே போய்க் கடிதக் கோவையைப் பிரித்தேன். பதின்மூன்று கடிதங்கள் வந்திருந்தன. இரண்டுதான் இருந்தன. மூன்று வருடம் கடந்த பொதுக் கடிதங்களை எரிக்கலாம் என்பது விதி. எரித்தவற்றின் பட்டியலில் ஒவ்வொரு வருடமும் என் கையொப்பம் இருந்தது. எஞ்சிய இரண்டிலும் முகாமையாளருக்கு இரண்டே வரிகள். அதன் கீழ் ஒரு வரி இடம் விட்டு, “பிள்ளை” என்று தொடங்கியிருந்தது. “அம்மாவின் கண் எப்படி? கண்டிக்குப் போனீரா, இங்கேயே காட்டினீரா? எனக்கு இடது காது முற்றாகப் போய்விட்டது. இனி அந்தப் பக்கம் நின்று ஆரும் திட்டினாலும் நட்டமில்லை. உமக்கு நேரம் இருந்தால் இரண்டு வரி போடும்.” எரிந்துபோன பதினொன்றில் அவர் என்ன கேட்டிருந்தார் என்பதை இனி அறிய வழியில்லை.

அன்று மாலையே நல்ல தாளும் உறையும் வாங்கினேன். உறையில் அவருடைய பெயரையும் விலாசத்தையும் எழுதி முத்திரை ஒட்டினேன். உள்ளே எழுதத்தான் முடியவில்லை. பதின்மூன்று கடிதங்களுக்கும் ஒழுங்காக, முதலிலிருந்து பதில் எழுதவேண்டும் என்று நினைத்தேன். வெறுந்தாள் போதும் என்று அவர் சொன்னதை மரியாதைக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன். டிசம்பர்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் பட்டியலும் சலுகைப் படமும் பரிசுப் பொதியும் என் மேசையை நிறைத்தன. நத்தார் இல்லாத எனக்கு நத்தாரைப்போல வேலை தந்த பண்டிகை வேறில்லை. 2020இல் அட்டையை நிறுத்தி எல்லாம் போனுக்குப் போனது. அவருடைய இலக்கத்தையும் நானே சேர்த்தேன். படத்தை அனுப்பினால் சற்று நேரத்தில் இரண்டு சரிக்குறிகளும் நீலமாகும். பார்த்திருக்கிறார். ஒன்றும் எழுதமாட்டார். அலுவலகத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில்தான் அவருடைய வீடு இருந்தது.

கடந்த வருடம் ஆகஸ்ட் மாதத்தில் கிண்ணியாக்காரர்தான் வந்து சொன்னார். அப்போது அடக்கம் முடிந்து மூன்று நாள். போனேன். வீட்டில் அயல்வீட்டுப் பெண் மட்டும் பாத்திரங்களை ஒதுக்கிக்கொண்டிருந்தார். கூடத்து அலுமாரிக்கும் ஜன்னலுக்கும் இடையே ஒரு நூல் கட்டியிருந்தது. அதில் உடுப்புக் கிளிப்புகளில் உறைகள் தொங்கின. எண்ணிப் பார்த்தேன், பதின்மூன்று. எல்லாவற்றிலும் என் எழுத்து.

“நத்தாருக்கு எல்லாரும் கார்ட்டைத் தூக்குவினம். இவ என்வலப்பைத் தூக்குவா” என்றார் அந்தப் பெண். “விசரி எண்டு நாங்கள் பகிடி பண்ணுறனாங்கள். கடைசி வருசங்களில அதைக் கழட்டவே விடேல்லை. ஆர் அனுப்பினது எண்டு கேட்டா, ஓம், எனக்கு ஒரு பிள்ளை இருக்கு எண்டுவா.”

அந்தப் பிள்ளை நான்தான் என்று நான் சொல்லவில்லை. கடந்த டிசம்பரிலும் அந்த இலக்கத்துக்குப் படம் போனது. ஒற்றைச் சரிக்குறியோடு நின்றுவிட்டது. எடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன், எடுக்கவில்லை.

இன்று அந்த இலக்கம் கேட்கிறது, யார் என்று. அவர் ஒருவரிடமும் கேட்காத கேள்வி. தனிப்பட்ட பதில்கள் தேவையில்லை என்பது கொழும்பின் உத்தரவு. கேள்வியை அப்படியே விட்டு ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்தேன். வீட்டுக்கு வந்து, நாட்குறிப்புக்குள் ஏழு வருடமாக இருந்த அந்த உறையை எடுத்துப் பார்த்தேன். மை சற்று மங்கியிருக்கிறது. தபால் கட்டணம் கூடிவிட்டதால் ஒட்டிய முத்திரை இப்போது போதாது. உள்ளே அந்த வெறுந்தாள் மடிப்புக் கலையாமல் இருக்கிறது.

டிசம்பர் 24, செவ்வாய்க்கிழமை. ஐந்து பத்துக்கு எழுந்தேன். முதல் வேலையாகக் கம்பனி போனை எடுத்தேன். “யார் இது?” என்பதற்குக் கீழே கம்பனியின் பெயரை எழுதினேன். அதை அழித்துவிட்டு, என் பெயரை முழுதாக எழுதி அனுப்பினேன். அதன் பிறகுதான் அடுப்பை மூட்டினேன்.