தாத்தா வாங்கிய பதக்கம்

எங்கள் தெருவில் அப்பாவுக்குக் குசினி சொல்தா என்று பெயர். பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டு வந்தவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்பார்கள். அப்பா அந்தப் படையின் சமையற்கட்டில் இருந்தவர், அதனால் குசினி சொல்தா. நேருக்கு நேர் யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். ஆனால் வீடு தேடி வருகிறவர்களுக்கு அந்தப் பெயரைச் சொல்லித்தான் வழி காட்டுவார்கள். எண்பத்தெட்டு வயதாகிறது, காது மந்தம், உழவர்கரையில் அதே வீட்டில்தான் இருக்கிறார். அந்தப் பெயரை மட்டும் தெருமுனையில் சொன்னாலும் அவர் காதில் விழுந்துவிடும்.

அவரிடம் இருந்தது ஒரே ஒரு கதை. அல்ஜீரியாவில் ஒரு மலைப்பாதை. முன்னால் சிப்பாய்களின் லாரி, பின்னால் அண்டா குண்டானோடு அப்பாவின் லாரி. முன்னால் போனது கண்ணிவெடியில் ஏறித் தீப்பிடித்துக்கொண்டது. மேலேயிருந்து சுடுகிறார்கள். அப்பா குனிந்து ஓடி, எரிகிற லாரியிலிருந்து மூன்று பேரை ஒருவர் பின் ஒருவராக வறண்ட ஓடைக்குள் இழுத்துப்போட்டார். ஒரு மாதம் கழித்து எல்லாரையும் வரிசையில் நிற்கவைத்து, கேப்டன் அவர் பெயரை வாசித்து, பதக்கம் வரும் என்றாராம். அதற்குள் படையை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். பதக்கம் வரவேயில்லை.

இந்தக் கதையை எங்கள் வீட்டில் யாரும் நம்பவில்லை. "மூணு பேர இழுத்தாராம்! இங்க ஒரு கேஸ் சிலிண்டர நகத்தச் சொன்னா இடுப்பு புடிச்சிக்குது" என்பாள் அம்மா. வந்தவர்கள் சிரிப்பார்கள், அப்பாவும் கூடச் சிரிப்பார். நான் ஒன்பதாவது படிக்கும்போது, தோழிகள் வீட்டுக்கு வந்திருந்த நேரத்தில் அவர் கதையை ஆரம்பிக்க, "போதும்பா, மானத்த வாங்காத" என்றேன். அதற்கப்புறம் என் எதிரில் அவர் அதைச் சொன்னதில்லை. ஆறு வருடங்களுக்கு முன் அம்மா போய்ச் சேர்ந்தாள், நம்பாமலேயே.

வெளியிலும் இதே கதைதான். கடற்கரைச் சாலையில் இருக்கும் போர் நினைவிடத்தில் வருடத்துக்கு ஒரு தடவை பழைய சொல்தாக்கள் கூடுவார்கள். பதக்கம் குத்தியவர்கள் முன்வரிசை, மற்றவர்கள் பின்னால். ஒருமுறை முன்வரிசைக்காரர் ஒருவர் திரும்பி, "நீ எதுக்குய்யா மெடல் மெடல்ங்கற, சோறு வடிச்சதுக்கெல்லாமா குடுப்பான்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறார். அதோடு அப்பா போவதை நிறுத்திவிட்டார். பத்து வருடங்களாக அந்த நாளில் காலையிலேயே குளித்து, சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருப்பார்.

எனக்கு மொழிபெயர்ப்புத் தொழில். பிறப்பு, இறப்பு, கல்யாணச் சான்றிதழ்களைத் தமிழிலிருந்து பிரெஞ்சுக்கும் பிரெஞ்சிலிருந்து தமிழுக்கும் மாற்றித் தருகிறேன். இருபத்தெட்டு வருடங்களாகச் சின்னதாக ஒரு கடை. ஊரில் பாதிப் பேரின் பெயர்ப்பிழையைத் திருத்தியவள் நான்தான் என்று கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

இரண்டு வருடங்களுக்கு முன் தவளக்குப்பத்திலிருந்து ஒரு பெண், இறந்துபோன தன் அப்பாவின் காகிதக்கட்டோடு வந்தாள். அவரும் சொல்தா. அந்தக் கட்டில், ஒரு படைப்பிரிவில் வீரச்செயலுக்காகப் பாராட்டப்பட்டவர்களின் பட்டியல் நகல் ஒன்று இருந்தது. வேலையோடு வேலையாகப் படித்துக்கொண்டு வந்தவள் நான்காவது பெயரில் நின்றுவிட்டேன். அது என் தாத்தாவின் பெயர். 'படைப்பிரிவின் சமையற்காரர். எதிரியின் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே, எரியும் வண்டியிலிருந்து காயமுற்ற நால்வரைத் தூக்கி வந்தார். வெண்கலச் சிலுவைப் பதக்கம்.'

என் தாத்தா உழவர்கரையில் மணிலாக் கொட்டை, அதுதான் வேர்க்கடலை, பயிர் போட்டவர். கடலூரைத் தாண்டி எங்கும் போனதில்லை. தீபாவளிக்கு ஊசிப்பட்டாசு வெடித்தாலே மாட்டுக்கொட்டகைக்குள் போய் நின்றுகொள்வார். அவருக்கு வெண்கலச் சிலுவை!

என்ன நடந்திருக்கும் என்று புரிய எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, இதுதானே என் பிழைப்பு. நமக்கு அப்பா பெயர் முன்னால், தன் பெயர் பின்னால். பிரெஞ்சுக்காரர்களின் ஆவணத்தில் முன்னால் இருப்பது குடும்பப் பெயர். படைக்கு ஆள் எடுத்தபோது தாத்தாவின் பெயரைக் குடும்பப் பெயராக்கிவிட்டார்கள். இந்தப் பட்டியலை எழுதிய புண்ணியவானோ அந்தக் குடும்பப் பெயரோடு நிறுத்திக்கொண்டான். சிப்பாய் எண் எழுத வேண்டிய இடத்தில் படைப்பிரிவின் எண்ணை எழுதி வைத்திருந்தான். ஆக, பதக்கம் வாங்கியவர் என்று அந்த நாட்டு ஆவணத்தில் இருந்தது படையிலேயே இல்லாத ஓர் ஆள். அப்பாவின் கோப்பிலோ சமையல் என்பதைத் தவிர வேறு ஒன்றும் கிடையாது. இருபத்தெட்டு வருடங்களாக ஊரார் பெயரில் எல்லாம் நான் திருத்திய அதே பிழை! எனக்கு வெட்கமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

நகலை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி, அப்பாவிடம் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "நான்தான் அப்பவே சொன்னேனேம்மா" என்றார். அவ்வளவுதான். அதில் கோபம் இருந்திருந்தால் எனக்குத் தேவலாம் போல இருந்திருக்கும்.

முன்னாள் வீரர்களின் விவகாரம் பார்க்கும் பிரெஞ்சு அலுவலகத்துக்கு மனு போட்டேன். இணையத்தில்தான் போட வேண்டும். மூன்று மாதத்தில் பதில் வந்தது: பட்டியலில் இருப்பவரும் உங்கள் தந்தையும் ஒருவரே என்று நிரூபிக்கவும். நேரில் போனேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார்.

"மேடம், இந்தப் பேர்ல இருக்கிறவரு யாரு?"

"எங்க தாத்தா."

"அப்ப அவரு போருக்குப் போகலன்னு ப்ரூஃப் குடுங்க."

ஒருவர் போருக்குப் போகவில்லை என்பதற்கு எங்கே போய்ச் சான்றிதழ் வாங்குவது? மணிலா விளைந்த வயலிடமா? அவரைத் தெரிந்தவர்கள் எல்லாம் காலமாகிவிட்டார்கள். கேட்டேன். "சிஸ்டம் கேக்குது மேடம்" என்றார்.

அடுத்து இன்னொரு கேள்வி வந்தது. மனுவில் அப்பா சொன்னபடி மூவர் என்று எழுதியிருந்தேன், பட்டியலில் நால்வர் என்று இருக்கிறதாம், முரண்பாட்டை விளக்கவும். பெயரையே ஒழுங்காக எழுதத் தெரியாதவனுக்கு எண்ண மட்டும் தெரிந்திருக்குமா என்று வீட்டில் கத்தினேன். அப்பா "நாலுன்னே போட்டுடு" என்று சொல்லி, போய்ப் படுத்துக்கொண்டார். போட்டேன்.

அல்ஜீரியா அடுத்தவன் மண், அங்கே பிரெஞ்சுக்காரனுக்கு என்ன வேலை, அவனுக்குச் சோறு போட நம்மாள் எதற்கு என்றெல்லாம் எனக்கும் கேள்வி உண்டு. அப்பாவோடு அதற்காகச் சண்டை போட்டவள்தான் நான். அது வேறு வழக்கு. எரிகிற லாரிக்குள் கையை விட்டவர் என் அப்பா. அதை இன்னொருவர் பெயரில் எழுதிவைத்துவிட்டு, அறுபது வருடங்களுக்குமேல் ஊர் அவரைப் பார்த்துச் சிரிக்க விட்டார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

குடும்பச் சான்று கொடுத்தேன். தாத்தாவுடைய நிலத்தின் பழைய பத்திரம் கொடுத்தேன். அவர் இங்கேதான் இருந்தார், இங்கேதான் இறந்தார் என்று காட்ட அவருடைய இறப்புச் சான்றிதழையும் மொழிபெயர்த்துக் கொடுத்தேன். போன மார்ச்சில் கடிதம் வந்தது. திருத்திவிட்டார்கள்! அப்பாவின் பெயர், அவருடைய சிப்பாய் எண், வெண்கலச் சிலுவை, எல்லாம் இருந்தன. கடைசி வரிக்கு வந்தேன். 'வீரர் காலமாகிவிட்டபடியால், மரணத்துக்குப் பின் வழங்கப்படும் பதக்கமாக, விழாவில் அவர் மகளிடம் அளிக்கப்படும்.'

காலமான வீரர் எனக்கு எதிரில் உட்கார்ந்து மூன்றாவது இட்லிக்குச் சட்னி கேட்டுக்கொண்டிருந்தார்.

தாத்தாவின் இறப்புச் சான்றிதழை அப்பாவின் கோப்பில் ஏற்றிவிட்டார்கள். ஆட்டோ பிடித்து அலுவலகத்துக்குப் போனேன். ஒவ்வொரு ஜனவரியிலும் பென்ஷனுக்காக அப்பாவை இதே கட்டடத்துக்குக் கூட்டிவந்து, பக்கத்து ஜன்னலில் அவர் உயிரோடு இருப்பதாகக் கையெழுத்துப் போட வைப்பவள் நான். அந்தத் தாள் அங்கே இருக்கிறது, இந்தத் தாள் இங்கே இருக்கிறது, நடுவில் ஒரு சுவர். அதைத்தான் அந்த ஜன்னல் தம்பியிடம் சொன்னேன், கொஞ்சம் சத்தமாக.

"அது வேற செக்ஷன் மேடம். இத திருத்த புதுசா மனு போடணும், மாசக்கணக்கா ஆவும். விழா அடுத்த வாரம். இப்போதைக்கு நீங்க வாங்கிக்குங்க. அப்புறமா மாத்திக்கலாம்."

"இப்போதைக்கு எங்கப்பா செத்திருக்கணுமா?"

பாவம், அந்தத் தம்பி மேல் கத்தி என்ன பிரயோஜனம் என்று வெளியே வந்தேன்.

இந்த விழா வேண்டாம், இவர்கள் திருத்திக் கொடுக்கும்போது கொடுக்கட்டும் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"பேரு யாருது போட்டிருக்கான்? என்னுதா, உங்க தாத்தாவுதா?"

"உன்னுதுதான்."

"அப்ப போலாம்."

விழா அதே நினைவிடத்தில். இஸ்திரி போட்ட சட்டை, கைத்தடி. பின்வரிசையில் நாற்காலி போட்டார்கள், உட்காரமாட்டேன் என்றுவிட்டார். பிரெஞ்சு அதிகாரி ஒருவர் பட்டியலை வாசித்தார். எங்கள் முறை வந்தது. அப்பாவின் பெயரை, அவர் சொந்தப் பெயரை, வாயில் வந்தமாதிரி உச்சரித்து, மரணத்துக்குப் பின் என்றும் சேர்த்து வாசித்துவிட்டு, மகள் யார் என்று கூட்டத்தைப் பார்த்தார்.

எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"ப்ரெஸான்!"

வருகைப் பதிவில் சிப்பாய்கள் சொல்லும் பதில் அது. இருக்கிறேன் என்று அர்த்தம். அறுபது வருடத்து இருமலும் சளியும் இல்லாத குரல். எல்லாரும் திரும்பினார்கள். அப்பா கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டு முன்வரிசையைத் தாண்டி நடந்தார். அதிகாரி பதக்கப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பெட்டியை நீட்டினார். அப்பா கையை நீட்டவில்லை. நெஞ்சை நிமிர்த்தி நின்றார். கடைசியில் அந்த மனுஷர் பெட்டியைத் திறந்து, சிலுவையை எடுத்துச் சட்டையில் குத்திவிட்டு, அவருக்குச் சல்யூட் அடித்தார். முன்வரிசையில் பத்து வருடங்களுக்கு முன் சோறு வடித்த பேச்சுப் பேசியவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அழுதேன். யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று அழுதேன்.

மத்தியானம் கடையில் இருவரும் உட்கார்ந்தோம். பதக்கத்தோடு கொடுத்த தாளைத் தமிழில் வரிவரியாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். அப்பா சட்டையிலிருந்து சிலுவையைக் கழற்றவில்லை.

"கடைசில இன்னா போட்டிருக்கான்?"

"செத்த பொறவு குடுத்ததுன்னு."

"உங்கம்மா இருந்திருந்தா, இதுவாச்சும் நெஜமான்னு கேட்டிருப்பா" என்றார். சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புது மனுவைக் கணினியில் திறந்தேன். திருத்த வேண்டிய பிழைகள் என்று ஒரு கட்டம்.

"ரெண்டு தப்பு இருக்குப்பா. நீ உயிரோட இருக்கிற, அது ஒண்ணு. இங்கயும் நாலு பேருன்னே போட்டிருக்கான். மூணுதான? அதையும் இப்பவே மாத்திடலாம்."

"அது தப்பு இல்ல."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"நாலு பேரத்தான் தூக்கினேன். நாலாவது புள்ளைக்கு பத்தொம்போது வயசு இருக்கும். ஓடைக்கு வந்து எறக்கிப் பாத்தா உசுரு இல்ல. என் முதுகுலயே போயிட்டான். அவனக் காப்பாத்தினேன்னு நான் எப்பிடிம்மா சொல்றது?"

மூணு பேர இழுத்தாராம் என்று சிரித்த ஒவ்வொரு முகமும் எனக்கு ஞாபகம் வந்தது. அதில் என் முகமும் இருந்தது. ரீல் விடுகிறார் என்று நாங்கள் சொன்ன மனிதர் எங்களுக்கு ஓர் ஆளைக் குறைத்தே சொல்லியிருக்கிறார்.

நால்வர் என்பதை நான் தொடவில்லை. கட்டத்தில் ஒரே ஒரு பிழையை மட்டும் எழுதினேன்: என் தந்தை உயிரோடு இருக்கிறார்.