மெஷின் இழுக்க என்ன இருக்கு

மந்தாரக்குப்பம் ரோட்டோரம் கருணாகரன் போட்டிருக்கும் தகரக் கொட்டகைக்கு, மைன்ஸில் கழித்துப் போட்ட ரோலர்கள் லாரியில் வந்து இறங்கும். நிலக்கரி ஓடும் பெல்ட்டுக்கு அடியில் உருண்டு உருண்டு தேய்ந்த இரும்பு உருளைகள். மழையில் கிடந்து, சிரங்கு பிடித்த முதுகு மாதிரி துரு ஏறியிருக்கும். அந்தத் துருவை எடுத்து, பேரிங் மாற்றி, பெயின்ட் அடித்துத் திருப்பி அனுப்புவதுதான் அங்கே வேலை.

துரு எடுப்பதில் இரண்டு பந்தி. ஆண்களுக்குக் கையில் பிடித்து ஓட்டும் கிரைண்டர் மெஷின். அதன் மூக்கில் கம்பி முளைத்த கிண்ணம் ஒன்று சுற்றும். ரோலர் மேல் வைத்து ஓட்டினால் துரு புகையாகப் பறந்து, உள்ளேயிருக்கும் இரும்பு பல் தேய்த்த வாய் போல் பளிச்சென்று வரும். பெண்களுக்கு இரும்பு பிரஷும் உப்புத்தாளும். ஆண் நாலு ரோலரை முடித்துவிட்டு டீ குடிக்கும்போது பெண் முதல் ரோலரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள். வீட்டுக்குப் போய்ச் சோற்றை வாய்க்குக் கொண்டுபோகக் கை எழும்பாது.

தனபாக்கியம் இந்தப் பந்தியில் உட்கார்ந்து உட்கார்ந்து அலுத்துப்போனாள். அவளுக்கு கிரைண்டர் வேண்டும். கேட்கும்போதெல்லாம் கருணாகரன் ஒரே பாட்டைப் படிப்பான். ஒருநாள் ஓடிக்கொண்டிருந்த மெஷினைத் தாண்டிப்போன அதே பந்தி விஜயலட்சுமியின் முந்தானையை அது கவ்வி இழுத்துவிட்டது. ஆண்கள் பக்கத்திலிருந்து செல்வகுமார் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கியதால் முந்தானையோடு போயிற்று. அன்றிலிருந்து, பெண்கள் மெஷினைத் தொடக்கூடாது.

"முந்தானை இருக்கு, வளையல் இருக்கு, தாலிக்கொடி தொங்குது, தலையில பூ வேற" என்றான் கருணாகரன். "எதையாவது இழுத்துச்சுன்னா நான்ல ஜெயிலுக்குப் போகணும்?"

தனபாக்கியம் உப்புத்தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு அவன் முகத்துக்கு நேரே இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"நல்லா பாத்துக்குங்க மொதலாளி. வளையல் இருக்குதா? கழுத்துல எதனா தொங்குதா? தலையில பூ இருக்குதா? எல்லாத்தையும் காரியத்தன்னிக்கே புடுங்கிட்டாங்க. எங்கிட்ட மெசினு இழுக்கறதுக்கு என்னா இருக்குது?"

சிரிக்க ஆரம்பித்த செல்வகுமார் பாதியில் இருமினான். கருணாகரன் எங்கெங்கோ பார்த்துவிட்டு, "பொடவை?" என்றான்.

"நாளைக்கிப் பாருங்க."

மறுநாள் அவள் செத்துப்போன வேணுவின் காக்கி பேண்ட்டும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு வாசலில் இறங்கினாள். வேணு நல்ல புருஷனுமில்லை, கெட்ட புருஷனுமில்லை. இருந்தான், லாரி மோதிப் போனான். பேண்ட் மட்டும் நல்ல கெட்டித் துணி. எதிர்வீட்டு நாத்தனார் புஷ்பவல்லி சாணித் தண்ணீரை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்தாள். வேணுவின் அக்கா அவள். காரியத்தன்று தனபாக்கியத்தின் கையைப் பிடித்து வளையலை உடைத்ததும் அவள்தான்.

"அடிப்பாவி! என் தம்பி பேண்ட்டுடி அது!"

"அவுரு வேட்டியிலதான் போனாரு அண்ணி. இத வுட்டுட்டுத்தான் போனாரு."

"ஊர் சிரிக்கும்டி!"

"சிரிக்கட்டும். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாவுது."

கருணாகரன் சொன்ன சொல்லை விழுங்க முடியாமல் ஒரு பழைய கிரைண்டரை அவள் பக்கம் தள்ளினான். அன்று பட்ட பாடு கொஞ்சமில்லை. பிரஷ் தேய்த்த கை சும்மா இருக்குமா? உடம்பின் கனத்தையெல்லாம் போட்டு அழுத்தினாள். மெஷின் முக்கியது, துள்ளியது, ரோலரை விட்டு எகிறியது. கிண்ணத்திலிருந்து பிய்ந்த கம்பி ஒன்று சட்டையைத் துளைத்து முழங்கையில் குத்தி நின்றது.

"அக்கா, அம்மியில மொளகா அரைக்கறியா?" என்று செல்வகுமார் கத்தினான். "வேணான்னா கேக்கறியா? குடு இப்பிடி."

"நீ ஒன் ரோலரப் பாருடா."

கம்பியைப் பிடுங்கி எறிந்தாள். ரத்தத்தைப் பேண்ட்டில் துடைத்தாள். மறுபடியும் சுவிட்சைப் போட்டு, இந்தமுறை அழுத்தாமல் மெஷினைத் தாங்கி மட்டும் பிடித்தாள். அது தன்பாட்டில் துருவை மேய்ந்துகொண்டு போயிற்று. பிடி இவ்வளவுதானா என்று அவளுக்கு ஆத்திரமே வந்தது. இதற்காகவா இத்தனை காலம் தோள்பட்டையைக் கொடுத்தோம்?

அந்த மழைக்காலம் முடிவதற்குள் கொட்டகையில் அவள் கைக்கு நிகரான கை இல்லை என்றெல்லாம் சொன்னால் பொய். செல்வகுமார் அளவுக்குச் செய்தாள், அவ்வளவுதான். ஆனால் மெஷின் அவளுடையதாகிவிட்டது. யாரும் கேட்காமல் எடுப்பதில்லை.

கருணாகரனுக்கு இதில் ஒரு பெருமை முளைத்தது. ரோலர் பார்க்க யார் வந்தாலும் அவளைக் கை காட்டுவான். "நம்மகிட்ட ஒரு அம்மா கிரைண்டர் பிடிக்குது சார். பயமே இல்ல. புருஷன் இல்லாதது. வளையல், தாலி ஒண்ணும் கிடையாது. மெஷின் இழுக்கறதுக்கு எதுவுமில்ல பாருங்க."

வந்தவர்கள் அவளுடைய வெறுங்கையைப் பார்ப்பார்கள், கழுத்தைப் பார்ப்பார்கள், உச்சுக் கொட்டுவார்கள். அவள் அறைந்த சொல்லை எடுத்து அவன் கொட்டகைக்குப் போர்டு மாதிரி மாட்டிவிட்டான். கேட்கக் கேட்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தைப்பூசத்துக்கு வடலூர் போனவள் ஜோதி பார்த்துவிட்டு நேரே வளையல் கடையில் உட்கார்ந்தாள்.

"யாருக்கும்மா? பொண்ணுக்கா, மருமகளுக்கா?" என்றான் கடைக்காரன்.

"இந்தக் கைக்கு."

அவன் நெற்றியைப் பார்த்தான், கழுத்தைப் பார்த்தான், பிறகு வியாபாரத்தைப் பார்த்தான். அளவு எடுத்து இறுக்கமாகப் பச்சை வளையலை ஏற்றப் போனான்.

"இது வேணாம். ஒரு சுத்து பெருசா குடு."

"லொடலொடங்கும்மா."

"லொடலொடங்கட்டும். கழட்டி மாட்ட வரணும்."

பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தபோதே தெருவுக்கு வளையல் சத்தம் கேட்டுவிட்டது. புஷ்பவல்லி இடுப்பில் கையை வைத்து மறித்தாள்.

"எவனுக்குடி இத மாட்டிகினு வர?"

"எனக்குத்தான் அண்ணி. நல்லாருக்குதா?"

"நாக்கு அழுவிப்பூடும்டி ஒனக்கு! நாளைக்கே ஒன் மொதலாளிகிட்ட வரன் இரு. இந்த மெசினுதான ஒனக்கு இவ்ளோ திமிர ஏத்தி வுட்டுது?"

வாய்க்குச் சொன்னாள் என்று பார்த்தால், மறுநாள் காலையில் உண்மையாகவே கொட்டகையில் வந்து நின்று வளையல் கதையைக் கொட்டினாள். கருணாகரன் தனபாக்கியத்தின் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவங்க சொல்றது இருக்கட்டும். அது ஒங்க குடும்ப விவகாரம்" என்றான். "ஆனா ஒண்ணும் இல்லன்னுதான மெஷினை வாங்கினே? இப்போ கை நிறைய வளையல். ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதான். போ, போய் உப்புத்தாளை எடு."

புஷ்பவல்லியின் முகத்தில் கல்யாண வீட்டு லைட் எரிந்தது.

தனபாக்கியம் மெஷின் ஒயர் சுற்றும் ஆணிக்கு நேரே போனாள். ஒவ்வொரு வளையலாக நழுவவிட்டு ஆணியில் மாட்டினாள். லொடலொடவென்று எல்லாம் இறங்கின. ஒன்றுகூட உடையவில்லை.

"மொதலாளி, மெசினுக்கு வெறுங்கை வேணும். இந்தா, வெறுங்கை. மெசினு நின்னா மாட்டிக்குவன். ஓட்டறப்ப கழட்டுவன். மெசினுக்குத்தான் கழட்டறன். செத்தவருக்கு இல்ல." பிறகு நாத்தனார் பக்கம் திரும்பினாள். "அன்னிக்கி நீங்க ஒடச்சீங்க அண்ணி. இது நானா கழட்டறது. அதனால நானா மாட்டிக்குவன்."

புஷ்பவல்லி, "நல்லா கேளுங்க சார் இவ பேச்ச!" என்றாள். கருணாகரன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். ஆணியைப் பார்த்தான், அவள் கையைப் பார்த்தான். ரூல் அவனுடையது, வெறுங்கையும் கண் முன்னால் இருந்தது.

அந்த நேரம் பார்த்து பின்னாலிருந்து விஜயலட்சுமி எழுந்தாள்.

"மொதலாளி, கழட்டி மாட்டுனா போதும்னா எனக்கும் ஒரு மெசினு குடுங்க."

"ஏய், ஒனக்குத்தான அன்னிக்கு முந்தானை போச்சு?"

"அது முந்தானை. நாளைக்கி எங்க வூட்டுக்காரரு பேண்ட்டு போட்டுகினு வரன்."

"தாலி?"

"சட்டைக்குள்ள போட்டு கழுத்து பட்டன போட்டுக்குவன். மெசினு என்னா, என் பட்டன அவுக்குமா?"

பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது. செல்வகுமார்தான் அதிகம் சிரித்தான். புஷ்பவல்லிக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. புருஷன் இருக்கிறவளே கழற்றுகிறேன் என்கிறாள், இவளை எந்தக் கணக்கில் சேர்ப்பது? முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

"எடுத்த ரோலரை அப்படியே போட்டு வைக்காதீங்க" என்றான் கருணாகரன், எதையாவது சொல்லியாக வேண்டுமே என்று. "ராத்திரி பனியில மறுபடி துரு ஏறிடும்."

"தெரியும் மொதலாளி, சாயந்திரத்துக்குள்ள பெயின்ட்டு அடிச்சிடுவம்" என்று சொல்லிவிட்டு தனபாக்கியம் கண்ணுக்குத் தூசிக் கண்ணாடியை மாட்டி சுவிட்சைப் போட்டாள்.

சாயங்காலம் பச்சை வளையலெல்லாம் துருத்தூள் படிந்து செம்பட்டையாகத் தொங்கியது. சட்டை நுனியால் துடைத்து, கையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். லொடலொடவென்று ஊர் வரைக்கும் கேட்டது. மறுநாள் காலையில் அந்த ஆணியில் இடமில்லாமல், பக்கத்தில் இன்னொரு ஆணி அடிக்க வேண்டியிருந்தது.