எண்பதில் நின்ற காந்தாரம்

எங்கள் கிறிஸ்தவ சபைக்கு ஆர்மோனியம் வந்தது முப்பதுகளின் தொடக்கத்தில். காலால் மிதித்து இரண்டு கைகளாலும் வாசிக்கிற பெரிய ஆர்மோனியம். அதுவரை எங்கள் கீர்த்தனைகளுக்கு ஒரு சுருதிப்பெட்டியும் ஒரு ஜோடி தாளமும்தான் துணை. பெண்கள் பக்கத்தில் முதல் வரியை எடுத்துக் கொடுப்பவள் என் மைனி. என் அண்ணனின் மனைவி. நாலாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவள். ஆனால் இருபது வருடமாக அவள் குரல் எழும்பாமல் அந்தக் கோயிலில் ஒரு பாட்டும் தொடங்கியதில்லை.

நான் அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு நாகர்கோவிலில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கும் பௌதிகமும் கற்பித்து வந்தேன். எங்கள் போதகரை, அந்த நாட்களின் வழக்கப்படி, ஐயர் என்றே அழைப்போம். ஆர்மோனியம் வாசிக்க ஐயரின் மைத்துனர் மெட்ராசிலிருந்து வந்தார். பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கியவர் என்று ஐயர் பிரசங்க மேடையிலிருந்தே அறிவித்தார்.

முதல் சனிக்கிழமைப் பயிற்சியிலேயே அது நடந்தது. சங்கராபரணத்தில் ஒரு கீர்த்தனை. இரண்டு வரி போவதற்குள் அந்த ஆள் கையை எடுத்துவிட்டார்.

"ஒரு குரல் சேரல. ஒவ்வொருத்தரா பாடுங்க."

பன்னிரண்டு பெண்களும் தனித்தனியாகப் பாடினார்கள். மற்றவர்கள் பயத்தில் ஆர்மோனியத்தின் சுருதியை ஒட்டியே குரலைக் கொண்டுபோனார்கள். மைனி எப்போதும் போலப் பாடினாள். மூன்றாம் ஸ்வரமான காந்தாரத்துக்கு வந்ததும் அவர் அந்தக் கட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவள் குரலும் அதன் சத்தமும் ஒன்றோடொன்று உரசி, அதிர்ந்தன. எல்லோருக்கும் கேட்டது. எனக்கும் கேட்டது.

"காந்தாரம் கீழ நிக்குது பாருங்க. வயசானா காது அப்படித்தான் ஆகும். நாளைக்கு நீங்க பின் பெஞ்சில உக்காந்து வாயை மட்டும் அசைச்சாப் போதும்."

மைனிக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை. நான் ஐயரைப் பார்த்தேன். அவர் மைத்துனரின் தோளில் கைவைத்துக்கொண்டு சொன்னார்: "மனுசன் தப்பு பண்ணுவான். மெஷின் பொய் சொல்லாதுல்லா?"

மறுநாள் ஆராதனையில் மைனி பின் பெஞ்சில் உட்கார்ந்து வாயை அசைத்தாள். அதைத் திரும்பிப் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இன்றும் அதை நினைத்தால் எரிகிறது.

வீட்டில் அவள் பாடுவது நின்றது. அரிசி புடைக்கும்போதும் மௌனம். நாலாம் நாள் என்னிடம் கேட்டாள்: "ஏட்டி, எனக்க காது கெட்டுப் போச்சாட்டி?"

அந்தக் கேள்விதான் என்னைக் கிளப்பியது. ஒரு விடுமுறை நாளில் அவளைப் பள்ளிக்கு அழைத்துப் போனேன். பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் திறந்துவிட்ட சமயம். வழியெல்லாம் வயல்களில் உழவு நடந்துகொண்டிருந்தது. பௌதிக அறையில் சோனாமீட்டர் இருந்தது. நீளமான ஒரு மரப்பெட்டி, அதன்மேல் இழுத்துக் கட்டிய ஒரு கம்பி, கம்பியின் முனையில் எடை, கம்பிக்கு அடியில் நகர்த்தக்கூடிய ஒரு கட்டை. கட்டை எங்கே நிற்கிறதோ அதைப் பொறுத்துச் சத்தம் மாறும்; கம்பியின் நீளம் குறையக் குறையச் சுருதி ஏறும். பக்கத்திலேயே அளவுகோல்.

எடையைக் கூட்டிக் குறைத்து, முழுக் கம்பியை அவளுடைய ஷட்ஜத்துக்குக் கொண்டுவந்தேன். பிறகு காந்தாரம் பாடச் சொல்லி, உரசல் அடங்கும் வரை கட்டையை நகர்த்தினேன். அளந்தேன். நூறில் எண்பது. மறுபடி பாடச் சொன்னேன். எண்பது. ஏழு தடவை. ஒரு தடவைகூட மயிரிழைக்கு மேல் விலகவில்லை. கம்பியில் ஐந்தில் நாலு பங்கு. கணக்கே தெரியாத ஒருத்தியின் தொண்டை அந்தப் பின்னத்தைத் தானாகப் போய்த் தொட்டுக்கொண்டிருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அடுத்த நாள் அந்தப் பெட்டியைத் துணியில் சுற்றி, வில்வண்டியில் ஏற்றிக் கோயிலுக்கே கொண்டுபோனேன். கோயிலைக் கவனித்துக்கொள்ளும் கோயில்பிள்ளையிடம் கேட்டு ஆர்மோனியத்தைத் திறந்து, முழுக் கம்பியை அதன் ஷட்ஜத்துக்குக் கொண்டுவந்து, அதே காந்தாரத்தை அளந்தேன். எழுபத்தொன்பதரைக்கும் கீழே நின்றது. காரணம் எனக்குத் தெரியும். எந்தக் கட்டையை ஆதாரமாக வைத்தாலும் வாசிக்க வசதியாக இருக்கட்டும் என்று, ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சரிசமப் படிகளாக வெட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு படியும் இரண்டின் பன்னிரண்டாம் மூலம். கல்லூரியில் அதைப் படித்தபோது என்ன புத்திசாலித்தனம் என்று வியந்தவள்தான் நானும். அந்த வசதிக்காக ஸ்வரங்களை அவற்றின் இடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சம் தள்ளி வைத்திருந்தார்கள். காந்தாரம் மேலே தள்ளப்பட்டிருந்தது. மைனி கீழே இறங்கவே இல்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஐயர், சபைப் பொறுப்பிலிருந்த டீக்கன்மார், அந்த மைத்துனர் எல்லோர் முன்பும் பெட்டியை வைத்து மீட்டிக் காட்டினேன்.

மைத்துனர் சிரித்தார். "அப்போ உலகத்துல உள்ள ஆர்மோனியம் எல்லாம் தப்பு, உங்க மைனி மட்டும் சரி?"

"தப்புன்னு நான் சொல்லல. அது வசதிக்குப் பண்ணினது. வசதிக்குப் பண்ணின ஒண்ணை வச்சுக்கிட்டு இவங்களைத் தப்புன்னு சொன்னீங்களே, அதுதான் தப்பு."

ஒரு டீக்கன் கொட்டாவி விட்டார். இன்னொருவர், "அரை விரல்கூட இல்லாத வித்தியாசத்துக்கா இவ்வளவு பாடு?" என்றார்.

"அந்த அரை விரலுக்குத்தானே அவங்களைப் பின் பெஞ்சில போட்டிய?"

ஐயர் எழுந்துவிட்டார். "பிள்ளே, பள்ளிக்கூடத்துக் கணக்கைப் பள்ளிக்கூடத்துல வை. மெஷினோட சேந்து பாடுனா அவ முன்னால வரலாம்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். பின்னால் யாரோ, "படிச்ச திமிரு" என்றது காதில் விழுந்தது.

அறுப்பின் பண்டிகைக்கு மைனி முன் பெஞ்சில் நின்றாள். முதல் வரியை எடுத்தாள். காந்தாரத்தில் ஆர்மோனியமும் அவளும் ஒன்றாகப் போனார்கள்; உரசலே இல்லை. மைத்துனர் தலையை ஆட்டினார். ஐயர் வாசலில் நின்று, "பாத்தியா, மெஷின் உன் மைனியைத் திருத்திட்டு" என்றார். நான் அவரைத் தாண்டி நடந்தேன்.

வீட்டுக்கு வந்து மைனியிடம் கேட்டேன். கோயிலைப் பெருக்கித் தூத்துவாரும் வேலையைத் தானே கேட்டு வாங்கிக்கொண்டாளாம். தினமும் மத்தியானம் ஆள் இல்லாத நேரத்தில் ஆர்மோனியத்தை மிதித்து, அந்த ஒரு கட்டையை அழுத்தி, அதோடு சேரும்வரை பாடினாளாம். மூன்று மாதம்.

மறுபடியும் அவளைப் பள்ளிக்குக் கூட்டிப் போனேன். அவள் காந்தாரம் இப்போது எழுபத்தொன்பதரைக்குக் கீழே. அப்படியே, ஆர்மோனியம் நின்ற இடத்தில்.

"மைனி, பழைய மாதிரி பாடுங்க."

பாடினாள். கட்டையை எங்கே நகர்த்தினாலும் உரசல் அடங்கவில்லை. குரல் எண்பதிலும் நிற்கவில்லை, ஆர்மோனியத்தின் இடத்திலும் நிற்கவில்லை. நான் மறுபடி, மறுபடி என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். என் குரல் ஏறிக்கொண்டே போனது. கடைசியில், "இப்படி அழிச்சுப்போட்டியளே!" என்று கத்திவிட்டேன்.

அவள் எழுந்து முந்தானையை இழுத்துச் சொருகினாள்.

"போதும்ட்டி. எனக்குக் கோயில்ல பாடணும். பின்னால இருந்து வாய அசைக்க என்னால முடியாது. நீயும் என்னை நிக்கவச்சு அளக்கிய, அவனும் அளந்தான். நீ கோவப்படுதது எனக்காகவா, ஒனக்க எண்பதுக்காகவா?"

"உங்களுக்காகத்தான்" என்றேன். சட்டென்று சொல்லிவிட்டேன். சொன்னபோதே அதில் பாதிதான் உண்மை என்று எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருக்கும்.

அவள் அதற்குப் பிறகு பதினைந்து வருடம் அந்த முன் பெஞ்சில் நின்று பாடினாள், சந்தோஷமாகவே பாடினாள். கேட்டவர்கள் எல்லோரும் நல்ல குரல் என்றார்கள். நல்ல குரல்தான். நான் அடுத்த ஜூனில் மார்த்தாண்டத்துப் பள்ளிக்கு மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஐயரையும் அவருடைய மைத்துனரையும் நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கச் சொல்லி மைனி எத்தனையோ கடிதம் எழுதினாள்.