பிடிவிடாத நங்கூரம்

போன சனிக்கிழமை மகன் வேலையிடத்துச் சிநேகிதரின் பாய்ப்படகை இரவல் வாங்கி, நாங்கள் இப்போது இருக்கிற பக்குரங்காவிலிருந்து என்னையும் பேத்தியையும் வைஹெகி தீவுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனான். அவள் அடுத்த கிழமை மெல்பேர்னுக்கு வேலைக்குப் போகிறாள். மூன்று பக்கமும் மலை மறித்த ஒரு சின்னக் குடாவில் நங்கூரம் போட்டு, சங்கிலியைத் தாராளமாக விட்டான். சாப்பிட்டு முடிந்து நேரம் போயிற்று. வெளிக்கிடுவோம் என்று நான் சொன்னதும் சங்கிலியை இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அம்மா, நங்கூரம் இறுகிப் பிடிச்சிட்டுது. கொஞ்சம் இருந்து பாப்பம்."

"நோ வொரீஸ், அப்பா" என்று பேத்தி திரும்பவும் படுத்துவிட்டாள். எனக்கு மாமாவின் ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது எனக்கு ஏழு வயதிருக்கும். ஊர்காவற்றுறையில் இருந்தோம். சின்னம்மாவுக்குக் கல்யாணம் முடிந்த கையோடு சித்தப்பாவுக்கு நெடுந்தீவில் வேலை கிடைத்து, அவர் முதலே அங்கே போய்விட்டார். சின்னம்மாவைக் கொண்டுபோய் விடுகிற பொறுப்பு அவவின் தமையனான என் மாமாவுக்கு. அழுது அடம்பிடித்து நானும் வள்ளத்தில் ஏறிவிட்டேன். சின்னம்மாவோடுதான் நான் படுப்பது, சாப்பிடுவது எல்லாம்.

பாதி வழியில், காற்றுக் கடுமை என்று சொல்லி மாமா ஒரு தீவின் மறைவுக்குள் வள்ளத்தைத் திருப்பி நங்கூரத்தைப் போட்டார். எனக்குத் தெரிந்து அப்படியொன்றும் காற்றில்லை. அங்கே தண்ணீர் கண்ணாடி போலக் கிடந்தது. கொஞ்ச நேரத்தால் கயிற்றைப் பிடித்து முக்கினார், முனகினார். நங்கூரம் கல்லுக்குள் மாட்டிவிட்டதாம். சித்தப்பா துறையில் பார்த்துக்கொண்டு நிற்பாரே என்ற யோசனை எனக்கே வந்தது, மாமாவுக்கு வரவில்லை.

சின்னம்மா பயற்றம் பணியார டின்னைத் திறந்தா. சித்தப்பாவுக்கென்று அம்மா சுட்டுக் கொடுத்தது. மூன்று பேரும் சாப்பிட்டோம். மாமா, சின்னம்மா சிறுவயதில் வண்டிலால் விழுந்த கதை சொன்னார். சின்னம்மா, மாமா பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் ஒளித்த கதை சொன்னா. மாமா இடைக்கிடை எழும்பி, மறக்காமல் ஒருதரம் முக்குவார்.

நான் எட்டிப் பார்த்தேன். கீழே வெறும் மணல். ஒரு கல்லுமில்லை. மாமா இழுக்கிற கயிறு தொய்ந்துபோய்க் கிடந்தது. சின்னம்மாவின் காதுக்குள் போய்ச் சொன்னேன்.

"ஓம், எனக்கும் தெரியுது. நீ பேசாமல் சாப்பிடு" என்றா.

பணியாரத்தில் அவவுக்கு இவ்வளவு ஆசையா என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

வெயில் சாயத் தொடங்க, அவ டின்னை மூடிக் கையைக் கழுவினா. "அண்ணை, இப்ப இழுங்கோ. வரும்."

ஒரே இழுவையில் வந்தது.

நெடுந்தீவில் சின்னம்மா இறங்கினா. மிச்சப் பணியாரமும் அவவோடு போயிற்று. அடுத்த நாள் காலை நானும் மாமாவும் திரும்பினோம். நல்ல காற்று, பாய் நிறையப் பிடித்தது. ஆனாலும் அந்த இடம் வந்ததும் மாமா வள்ளத்தை உள்ளே திருப்பி, நங்கூரத்தைப் போட்டுவிட்டுச் சும்மா இருந்தார். இந்தமுறை கல்லென்றும் சொல்லவில்லை, கயிற்றைத் தொடவுமில்லை.

வீட்டுக்குப் போகவில்லையா என்று கேட்டேன்.

"கொஞ்சம் பொறு, பிள்ளை."

பணியாரமும் இல்லை, சின்னம்மாவும் இல்லை. பிறகு ஏன் இங்கே நிற்கிறோம் என்று எனக்கு விளங்கவேயில்லை.