மூணு டிகிரி அட்ஜஸ்ட்

போன வாரம் மயிலாப்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஒரு பெண்ணிடம் கத்திவிட்டேன். வெறும் வயிற்றில் ஒரு தடவை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தடவை என்று ரத்தம் கொடுத்துவிட்டு, முழங்கை மடிப்பில் ஒட்டிய பஞ்சோடு உட்கார்ந்திருந்தேன். பத்து மணிக்குத் தருவதாகச் சொன்ன ரிப்போர்ட் பதினொன்றரைக்கும் வரவில்லை. கவுன்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் சொன்னாள்: "சிஸ்டம் ஸ்லோவா இருக்கு மேடம். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

"அதெல்லாம் பண்ணிக்க முடியாது!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து நாற்காலிப் பெரியவர் தன் பஞ்சைக் கீழே போட்டுவிட்டார். எனக்குக் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். காய்கறிக்காரர் முதல் கல்யாண மண்டப மேனேஜர் வரை என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் இது அந்த வகைக் கோபம் இல்லை. அந்த ஒரு சொல்லை யார் சொன்னாலும் எனக்குக் காதில் சூடு ஏறும். என் பிள்ளையே வீட்டில் அதைச் சொல்ல மாட்டான்.

போதாக்குறைக்கு அந்தப் பெண்ணுக்குப் பின்னால் சுவரோரம் ஒரு பிரிட்ஜ் நின்றிருந்தது. அதன் நெற்றியில் சின்ன மீட்டர், சிவப்பு எழுத்தில் 5.0. கீழே கட்டம் கட்டமாக ஒரு ஸ்டிக்கர், "பழுது என்றால் ஸ்கேன் செய்யவும்." ஸ்பிரிட் வாசனை வேறு. அந்தச் சொல், மீட்டர், ஸ்பிரிட் வாசனை, இந்த மூன்றும் ஒன்று சேர்ந்தால் நான் மயிலாப்பூரில் இருக்க மாட்டேன், தேனாம்பேட்டையில் இரண்டாவது மாடிக்குப் போய்விடுவேன்.

அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருந்தது அந்த ஆபீஸ். கீழே ஜூஸ் கடை, முதல் மாடியில் டைலர், அதற்கு மேலே நாங்கள். லேப், மருந்துக் கம்பெனி, காலேஜ் என்று எங்கெல்லாம் ஒரு பொருளை இவ்வளவு குளிரில்தான் வைக்க வேண்டும் என்று இருக்கிறதோ, அங்கெல்லாம் சென்சாரும் மீட்டரும் விற்கிற சின்னக் கம்பெனி. பி.எஸ்சி. பிசிக்ஸ் முடித்துவிட்டு நான் போன முதல் வேலை. உத்தியோகத்தின் பெயர் டெக்னிக்கல் சப்போர்ட். செய்தது போன் எடுப்பது. சால்டரிங் புகை எப்போதும் தொண்டையில் நிற்கும். அதோடு கீழேயிருந்து சாத்துக்குடித் தோல் வாசனை வரும். இன்றைக்கும் சாத்துக்குடி ஜூஸ் குடித்தால் எனக்கு லேசாக ஈயம் தட்டுகிறது.

அந்தக் கம்பெனிப் பெயரில் 'சென்சார்ஸ்' என்று இருந்ததால் பட்ட பாடு கொஞ்சமில்லை. படத்துக்கு சர்டிபிகேட் தருகிற சென்சார் ஆபீஸ் என்று நினைத்து, வாரத்துக்கு ஒரு போனாவது சினிமாக்காரர்களிடமிருந்து வரும். "மேடம், ஒரு கட் கூட இல்லாம பாத்துப் பண்ணிக் குடுங்க, குடும்பப் படம்" என்பார்கள். எங்கள் சர்வீஸ் ஆள் யூசுஃப் பாய் ராயப்பேட்டைக்காரர், ஐம்பது வயதுக் கிண்டல்காரர். ரிசீவரை என்னிடமிருந்து வாங்கி, "படத்த எடுத்துட்டு வாங்க, ஐஸ்ல முக்கிப் பாத்துட்டுச் சொல்றோம்" என்பார். அவர் எதையும் ஐஸில் முக்கித்தான் பார்ப்பார். ஜூஸ் கடையில் நொறுக்கிய ஐஸ் வாங்கி, பிளாஸ்கில் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி, சென்சாரை உள்ளே இறக்குவார். மீட்டர் பூஜ்யம் காட்டினால் அது உண்மை பேசுகிறது. காட்டாவிட்டால் பொய். அவ்வளவுதான் அவருடைய சோதனை.

ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் இருந்தால் என்னென்ன கூத்து நடக்கும் என்று சிரித்துக்கொண்டிருந்த ஆபீஸ் அது. இன்னொரு சொல்லுக்கும் இரண்டு அர்த்தம் உண்டு என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. மீட்டர் தப்பாகக் காட்டினால், 'செட்' பட்டனை அழுத்திப் பிடித்து, வித்தியாசம் எத்தனை டிகிரியோ அதை உள்ளே ஏற்றிச் சரிக்கட்டலாம். அதற்கு எங்கள் பாஷையில் அட்ஜஸ்ட் பண்ணுவது என்று பெயர். ஊர் பாஷையில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நாலாவதாக வந்து உட்காருகிறவர் சொல்வது அதைத்தான். மாமியார் வீட்டைப் பற்றி அழுகிற பெண்ணுக்குப் பெற்றவர்கள் சொல்வதும் அதைத்தான்.

போன் செய்கிறவர்களில் எனக்குப் பிடித்தவள் கிரிஜா. அபிராமபுரத்தில் ஒரு டாக்டர் நடத்திய லேபில் டெஸ்ட் டியூப் கழுவுகிற வேலை. பிரிட்ஜைப் பார்த்துக்கொள்வதும் அவள்தான். காலை, மதியம், சாயங்காலம் மூன்று வேளையும் மீட்டர் காட்டுவதை ஒரு நோட்டில் எழுதுவாள். அடையாற்றங்கரைக் குடிசைகளில் வீடு. "ஹலோ, பிரிட்ஜ் கிரிஜா பேசறேன் மேடம்" என்றுதான் ஆரம்பிப்பாள். சென்சாரைக் 'குச்சி' என்பாள். அவளிடமிருந்து அந்தப் பெயர் எங்கள் ஆபீசுக்கே ஒட்டிக்கொண்டது. ஒரு வருஷம் பேசியிருக்கிறோம், முகம் பார்த்ததில்லை. இதில் ஒன்றைக் கவனியுங்கள். எங்கள் மீட்டரை நம்பாமல், தானாக ஒரு பழைய கண்ணாடித் தெர்மாமீட்டரைப் பிரிட்ஜுக்குள் வைத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். அதை எந்தப் படிப்பும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை.

அன்றைக்கு மதியம் ஒரு மணி. டிபன் பாக்ஸைத் திறந்துவிட்டேன், எலுமிச்சை சாதம். போன் அடித்தது.

"மேடம், மீட்டரு அஞ்சு காட்டிக்கினு கீது. உள்ள கண்ணாடில எட்டு கீது. இன்னா பண்றது?"

வழக்கமாக இந்தப் பட்டனை அழுத்து, அந்தப் பட்டனை விடு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, மீட்டரில் என்ன வருகிறது என்று கேட்டு முடிப்பேன். அன்றைக்குச் சாதம் காத்திருந்தது. "மூணு டிகிரிதானே கிரிஜா, அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்றேன்.

"சரி மேடம், பண்ணிக்கிறோம். எவ்ளோவோ பண்ணிக்கினோம், இத்த பண்ணிக்க மாட்டமா?" என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். அவள் என்ன புரிந்துகொண்டாள் என்று அந்தப் பதிலிலேயே பச்சையாக இருக்கிறது. காது கேளாதவளுக்குக்கூடக் கேட்டிருக்கும். நான் போனை வைத்துவிட்டு, புகார்ப் பதிவேட்டில் "3 டிகிரி அட்ஜஸ்ட் செய்யச் சொல்லப்பட்டது" என்று எழுதி, கடைசிக் கட்டத்தில் "முடிந்தது" என்று போட்டுவிட்டு சாப்பிட்டேன்.

மூன்று வாரம் கழித்து அந்த டாக்டரிடமிருந்து புகார் வந்தது. பிரிட்ஜில் இருந்த மருந்துக் கரைசல்கள் கெட்டுப்போய், தைராய்டு ரிப்போர்ட்டுகள் தாறுமாறாகப் போயிருந்தன. ஒரு கர்ப்பிணிக்குத் தப்பான ரிப்போர்ட் போய், அவள் வீட்டு ஆட்கள் லேபில் வந்து சண்டை போட்டிருக்கிறார்கள். யூசுஃப் பாயும் நானும் போனோம். அவர் குச்சியை உருவி, கையோடு கொண்டுபோயிருந்த பிளாஸ்கில் இறக்கினார். பூஜ்யம் காட்ட வேண்டிய ஐஸில் மைனஸ் ஏழு காட்டியது.

"குச்சி மவுத்தாப் போச்சும்மா. நுனி சீல் சரியில்ல, உள்ள தண்ணி எறங்கிருக்கு. இது அட்ஜஸ்ட் பண்ற கேஸே இல்ல, மொத நாளே மாத்திருக்கணும்" என்றார் மெதுவாக. அந்தச் சரக்கு முழுவதும் அப்படித்தான் என்று அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், எங்கள் மேனேஜர் பிரபாகருக்கும் தெரியும். மாற்றிக் கொடுத்தால் கட்டுப்படியாகாது, போனிலேயே அட்ஜஸ்ட் பண்ணச் சொல்லு என்பது அவர் உத்தரவு.

டாக்டர் கிரிஜாவின் நோட்டை என் முன்னால் போட்டார். ஒவ்வொரு நாளும் மூன்று வேளையும் மீட்டர் 5 என்று இருந்தது. அதே குச்சியின் பேச்சைக் கேட்டுத்தான் பிரிட்ஜும் ஓடும் என்பதால், அது ஐந்து என்று பொய் சொல்லச் சொல்ல பிரிட்ஜ் உள்ளே சூடாகிக்கொண்டே போயிருக்கிறது. பக்கத்தில் கண்ணாடி 8, கண்ணாடி 8, கண்ணாடி 9, கண்ணாடி 11. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் எழுத்துக் கூட்டி 'அட்ஜஸ்' என்று எழுதியிருந்தாள்.

"பாருங்க, தெரிஞ்சே வேடிக்கை பாத்திருக்கா" என்றார் டாக்டர்.

வெளியே வந்தோம். பின்கட்டுக் குழாயடியில் ஒல்லியாக ஒரு பெண், கையில் சோப்பு நுரை. யூசுஃப் பாயிடம் நான் ஏதோ சொன்னதைக் கேட்டுத் திரும்பினாள். "மேடம், நீங்க போன் மேடமா?" குரலை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வேகமாக வந்தாள்.

"நீங்க அட்ஜஸ் பண்ணிக்கோனு தான சொன்னீங்க? நான் பண்ணிக்கினேன். அத்த மட்டும் டாக்டராண்ட சொல்லுங்க மேடம். வூட்டயும் இடிக்கப் போறாங்க, ஊருக்கு வெளிய தூக்கிப் போடறாங்க. அங்கயும் கொஞ்ச நாள் அட்ஜஸ் பண்ணிக்கோனுதான் சொல்றாங்க. ரெண்டு பஸ்ஸு மாறியாச்சும் வந்துடுவேன். இந்த வேல போச்சுன்னா அங்க எனக்கு ஒன்னியும் இல்ல."

டாக்டர் இருபதடி தூரத்தில் இருந்தார். திரும்பிப் போய், "அவள் மேல் தப்பில்லை, எங்கள் சென்சார் செத்துவிட்டது, நான் சொன்னதும் தப்பு" என்று சொல்லியிருக்கலாம். அரை நிமிஷ வேலை. "ஆபீஸ்ல பேசிட்டுச் சொல்றேன்" என்றேன். யூசுஃப் பாய் என்னைப் பார்க்கவில்லை, ஸ்கூட்டரைத்தான் பார்த்தார். அவரும்தான் சொல்லவில்லை. அவர் மேலும் எனக்குக் கோபம் உண்டு.

ஆபீசில் பிரபாகர் பதிவேட்டின் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தார்.

"நீ அட்ஜஸ்ட் பண்ணச் சொன்னியா, இல்லையா?"

"சொன்னேன் சார். ஆனா அவங்க வேற மாதிரிப் புரிஞ்சுகிட்டு..."

"சொன்னியா, இல்லையா?"

"சொன்னேன்."

"அப்பக் கையெழுத்துப் போடு."

எங்கள் ஆள் வழி சொன்னார், உங்கள் ஆள் செய்யவில்லை என்று டாக்டருக்குக் கடிதம். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, அதை நினைத்தால்தான் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன். எனக்கு வேலை நிரந்தரமாக வேண்டிய மாதம் அது. இனிஷியலோடு முழுக் கையெழுத்தாகப் போட்டேன்.

நாலைந்து நாள் கழித்துப் போன் வந்தது. "ஹலோ, பிரிட்ஜ் கிரிஜா..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள். "இப்போ பிரிட்ஜு இல்ல மேடம். சும்மா கிரிஜாதான். நிறுத்திட்டாங்க. உங்க ஆபீஸ்லேந்து லெட்டரு வந்தா பாக்கறேன்னு டாக்டரு சொன்னாரு."

"அனுப்பியாச்சு கிரிஜா."

"நல்லா தான எழுதிக்கீறாரு?"

பிரபாகர் அறை ஜன்னல் திறந்திருந்தது. "நல்லாத்தான் எழுதியிருக்கார்" என்றேன்.

"தேங்க்ஸ் மேடம்" என்றாள்.

எந்தப் போன் வந்தாலும் பதிய வேண்டும் என்பது விதி. அதையும் பதிந்து, கடைசிக் கட்டத்தில் "முடிந்தது" போட்டேன்.

வேலை நிரந்தரமானது. மூன்று வருஷம் இருந்தேன். விட்ட பிறகு ஒரு நாள் ஆற்றங்கரைக்குத் தேடிப் போனேன். எல்லாவற்றையும் இடித்து, சுவர் எழுப்பி, உள்ளே புல் போட்டிருந்தார்கள். ஷூ போட்டுக்கொண்டு வேகமாக நடந்துகொண்டிருந்தவர்களிடம் கிரிஜா என்று விசாரிக்க முடியாமல் திரும்பினேன். அபிராமபுரத்து லேப் இருந்த இடத்தில் அடுக்குமாடி. எங்கள் ஆபீஸ் கட்டடமும் இல்லை, ஜூஸ் கடையும் இல்லை. யூசுஃப் பாய் மகன் வீட்டோடு பெங்களூர் போய்விட்டார் என்று கேள்வி.

மயிலாப்பூரில் கத்தி முடித்த பிறகு, கவுன்டர் பெண்ணிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல மேடம், பழகிடுச்சு" என்றாள். அதைக் கேட்டதும் இன்னும் கோபம் வந்தது, இந்த முறை யார் மேல் என்று எனக்குத் தெரியும். பிரிட்ஜ் ஸ்டிக்கரை என் போனில் ஸ்கேன் செய்தேன். "உங்கள் பிரச்சினை தீர்ந்ததா?" என்று கேட்டது. இல்லை என்று தட்டினேன். "நன்றி, உங்கள் புகார் முடிக்கப்பட்டது" என்று வந்தது. எட்டிப் பார்த்த பெரியவர், "அந்தக் காலத்துல போன் பண்ணா மனுஷங்க எடுத்துப் பேசுவாங்கம்மா, அதெல்லாம் போச்சு" என்றார்.

போச்சுதான். ஆனால் இனி யாராவது அதைப் பெருமையாகச் சொன்னால் அவர்களிடமும் கத்துவேன். அந்தப் போனை எடுத்தது நான்தான். கிரிஜா என்னை நம்பி, தேங்க்ஸ் சொல்லிவிட்டு வைத்தாள்.