ஹாஸ்டல் ஜன்னலில் ஒரு குலவை

இன்றைக்கும் எங்காவது குலவைச் சத்தம் கேட்டால் கைவேலையைப் போட்டுவிட்டு, அது நிற்கிறதா என்று காதைக் கொடுப்பேன். நல்ல காரியத்துக்குத்தானே குலவை போடுவார்கள், இவளுக்கென்ன வந்தது என்று நினைப்பீர்கள். எனக்கு ஒரு ஜன்னல் ஞாபகம் வரும். அதன் கம்பியைப் பிடித்தபடி நின்ற ஒடிசா அக்காவும்.

மன்னார்குடி ரோட்டோரம், வயலை ஒட்டியிருந்த பனியன் கம்பெனியில் நான் செக்கிங் வேலை பார்த்தேன். அக்கா தைப்பவள். சாயங்காலம் நான் வீட்டுக்குப் போவேன். அவளையும் அவள் ஊர்ப் பெண்களையும் பின்னாலிருந்த ஹாஸ்டலில் விட்டு வெளியே பூட்டுவார்கள். செல்போனையும் வார்டன் வாங்கி வைத்துக்கொள்வாள். கேட்டால் பாதுகாப்பாம். யாரிடமிருந்து? அக்காவுக்குத் தெரிந்த தமிழ் "சரிங்க", "முடிஞ்சிதுங்க" அவ்வளவுதான். ஆனால் நடவு வயலில் எங்கள் பெண்கள் குலவை போட்டால் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரிப்பாள். சைகையில் சொன்னாள், அவர்கள் ஊரிலும் கல்யாணத்துக்கும் பூஜைக்கும் இதே குலவைதானாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவு. நடவுக்கு ஆள் கூட்டிப்போகும் என் சித்தியோடு நானும் வயலில் இறங்கியிருந்தேன். ஹாஸ்டல் ஜன்னலிலிருந்து குலவை வந்தது. "அட, உள்ள ஏதோ விசேஷம்டி" என்று சித்தி சிரித்தாள். நாங்களும் பதிலுக்குப் போட்டோம். என்ன மடத்தனம்! அங்கே குலவை நிற்கவேயில்லை. தொண்டை கம்மிப்போன பிறகும் அக்கா போட்டுக்கொண்டேயிருந்தாள். சித்தி கையிலிருந்த நாற்றைக் கீழே போட்டாள். "இது நல்லதுக்குப் போடுற குலவை இல்லடி. வாங்க எல்லாரும்."

சேற்றுக் காலோடு ஹாஸ்டல் கேட்டுக்குப் போனோம். வார்டன் இல்லாமல் திறக்கக்கூடாது என்றார் வாட்ச்மேன். "செத்தாத்தான் தொறப்பீங்களோ?" என்று சித்தி போட்ட சத்தத்தில் சாவி தானாக வெளியே வந்தது. உள்ளே ஒரு சின்னப் பெண் காய்ச்சலில் நினைவு தப்பிக் கிடந்தாள். மாத்திரையைக் கொடுத்துவிட்டு, தூங்கட்டும் என்று பூட்டிக்கொண்டு போயிருக்கிறாள் அந்த வார்டன் மகராசி. நாற்று ஏற்றி வந்த லோடு ஆட்டோவிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்துக்கொண்டாள்.

மறுநாள் அக்காவின் மிஷினில் வேறொருத்தி. "ஊருக்கு அனுப்பியாச்சு" என்றார் சூப்பர்வைசர். போய்ச் சேர்ந்தாளா, யார் கண்டது? ஜன்னலுக்குத் தகரம் அடித்துவிட்டார்கள். ஏன் என்று கேட்டேன், என் வேலையும் போனது. போகட்டும்.

போன வாரம் அதே வயலில் நடவு. மனசு கேட்காமல், தகரத்தைப் பார்த்து ஒரு குலவை போட்டேன். குனிந்து இரண்டு நாற்று நட்டேன். பிறகு உள்ளேயிருந்து பதில் வந்தது. யாரோ, எந்த ஊர்ப் பெண்ணோ. நாங்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து, காதைக் கொடுத்து நின்றோம். அது நின்ற பிறகுதான் குனிந்து அடுத்த நாற்றை எடுத்தோம்.